கப்பலேறி வந்த கொள்ளைநோய்
(1348ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கற்பித்த பாடம்)

கி.பி. 1347ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 748. அவ்வாண்டின் அக்டோபர்த் திங்களில் சிசிலித் தீவின் மெஸ்ஸினாத் துறைமுகத்திற்கு ஜெனோவா நகர வணிகரின் பன்னிரண்டு கலங்கள் வந்து சேர்ந்தன என்று அத்தீவில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கலத்தில் வந்தோர் நோயுற்றிருந்தனர். அவர்களோடு பேசியவரும், அவர்களுடைய பொருளை வாங்கியவரும், அவர்களைத் தொட்டவரும் சில நாள்களிலேயே மடிந்தனர். நகர மக்கள் அக்கலங்களைத் துறையை விட்டுத் துரத்தினர். ஆயினும் காலம் கடந்துவிட்டது. கரையிறங்க வேண்டிய நோய் ஏற்கெனவே கரையிறங்கியிருந்தது.

இதனைத் தொடர்ந்து வந்த நான்கைந்து ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பிற்காலத்தார் ‘கருஞ்சாவு’ எனப் பெயரிட்டழைத்த கொள்ளைநோய் இதுவே. மதம், போர், வணிகம் என்னும் மூன்றும் இந்நோயோடு எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதையும், அச்சமுற்ற மனிதர்கள் அப்போது எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையும் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது பயனுடையதாகும். ஏனெனில் நோயைக் காட்டிலும் அச்சம் இழைத்த கொடுமை சில ஊர்களில் பெரிதாயிருந்தது.

பகைமையும் பண்டமாற்றும்

1291ஆம் ஆண்டு மம்லூக் சுல்தான் அல்அஷ்ரஃப் கலீல் அக்கா நகரைக் கைப்பற்றியதோடு சிரியக் கடற்கரையில் சிலுவைப் போராளிகளின் ஆட்சி முடிவுக்கு வந்தது. உடனே போப்பாண்டவர் எகிப்தோடு வணிகம் செய்தலாகாது எனக் கிறிஸ்தவ வணிகருக்குத் தடை விதித்தார். எனினும் மலபாரில் விளைந்த மிளகு ஏடனுக்கும், அங்கிருந்து செங்கடல் வழியாகக் கெய்ரோவுக்கும், பின்னர் அலெக்சாந்திரியாவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அம்மிளகில்லாமல் ஐரோப்பியச் செல்வரின் சமையலறைகள் நடவா. ஆதலால் தடையை மீறியோரும், அபராதம் செலுத்தி மன்னிப்புப் பெற்றோரும், முறையாகவே அனுமதி வாங்கியோரும் என வணிகர் பல வழி கண்டனர். 1344ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தார் போப் ஆறாம் கிளெமெந்திடமே அனுமதி பெற்றுத் தம் கலங்களை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினர்.

ஜெனோவா நகரத்தாரின் வணிகம் இதனினும் வியப்புக்குரியது. அவர்கள் கருங்கடலின் வடகரையில் கிரிமியத் தீபகற்பத்தில் காஃபா என்னும் கோட்டை நகரை அமைத்திருந்தனர். அங்கிருந்து கோதுமை, உப்பிட்ட மீன், தேன்மெழுகு, மென்மயிர்த் தோல் ஆகியவை மேற்கே சென்றன. அவற்றோடு மனிதரும் விற்பனைப் பொருளாயினர். கிப்சாக் புல்வெளியில் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் கிறிஸ்தவ வணிகரின் கலங்களிலேயே எகிப்துக்கு ஏற்றப்பட்டு, மம்லூக் சுல்தான்களின் படைவீரராயினர். சிலுவைப் படையை முறியடித்த சேனைக்கு ஆள் கொணர்ந்தவர்களுள் இத்தாலியக் கிறிஸ்தவரும் இருந்தனர் என்பது அக்காலத்தின் முரண்பாடு. மேடைகளில் முழங்கிய பகைமை வேறு. துறைமுகங்களில் நடந்த கணக்கு வேறு.

காஃபா முற்றுகை

காஃபா நகரம் ‘தங்கக் கூட்டத்தார்’ எனப்பட்ட மங்கோலிய அரசின் நிலப்பரப்பில் இருந்தது. அவ்வரசின் உஸ்பெக் கான் இஸ்லாத்தை அரச சமயமாக்கியவர். அவருடைய மகன் ஜானி பெக் ஆண்ட காலத்தில், 1343ஆம் ஆண்டு, தோன் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த தானா நகரில் ஒரு பூசல் மூண்டது. வெனிஸ் வணிகர் ஒருவர் உள்ளூர் முஸ்லிம் பிரமுகர் ஒருவரைக் கொன்றார். ஒரு தனிமனிதச் சண்டை அரசுகளின் சண்டையாயிற்று. இத்தாலியர் தானாவிலிருந்து விரட்டப்பட்டனர். காஃபா முற்றுகையிடப்பட்டது. கருங்கடல் கோதுமை வணிகம் நின்றது.

முற்றுகைப் படையினரிடையே கொள்ளைநோய் பரவிற்று. மாண்டோரின் உடல்களைக் கவண்பொறியில் வைத்துக் கோட்டைக்குள் எறியுமாறு மங்கோலியர் செய்தனர் என்றும், அதனாலேயே நோய் ஐரோப்பாவுக்குச் சென்றது என்றும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இதனை எழுதியவர் கப்ரியேலே தே முஸ்ஸி என்னும் ஆவண எழுத்தர். அவரோ அப்போது இத்தாலியின் பியாசென்சா நகரில் இருந்தவர், காஃபாவைக் கண்ணால் கண்டவரல்லர். 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இக்கதையை மறுத்து வேறொரு விளக்கம் தருகிறது. 1347ஆம் ஆண்டில் இரு தரப்பாரும் சமாதானம் செய்துகொண்டனர். இத்தாலியிலோ அப்போது விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் நிலவியது. ஆகவே தடை நீங்கியவுடன் கோதுமைக் கலங்கள் விரைந்து புறப்பட்டன. தானியம் இருந்த இடத்தில் எலியும், எலியின் மேல் தெள்ளுப்பூச்சியும் இருந்தன. போர் நின்றதனால், பசித்தோரின் உணவோடு நோய் பயணம் செய்தது என்பதே அவ்வாய்வின் முடிவு.

நோயின் பிறப்பிடம் பற்றியும் இன்று நாம் கூடுதலாக அறிவோம். கிர்கிஸ்தானின் இஸ்ஸிக் குல் ஏரிக்கருகே 1338, 1339ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்லறைகளில் சிரியாக் மொழிக் கல்வெட்டுகள் கொள்ளைநோயால் இறந்தோரைக் குறிப்பிடுகின்றன. அங்குப் புதைக்கப்பட்டோரின் பற்களில் இந்நோயின் கிருமி இருந்ததை 2022ஆம் ஆண்டில் அறிவியலார் உறுதி செய்தனர்.

அரண்மனையும் குடிசையும்

1347ஆம் ஆண்டிலேயே கான்ஸ்டான்டிநோபிளும் அலெக்சாந்திரியாவும் நோயின் பிடியில் சிக்கின. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் யோவான் தம் இளைய மகனை இழந்து, அந்நோயின் தன்மையைத் தாமே எழுதி வைத்தார். 1348இல் ஜெனோவா, பீசா, வெனிஸ், பிளாரன்ஸ், அவீஞோன், பாரிஸ் என நகரத்துக்கு நகரம் தாவிய நோய் அவ்வாண்டே இங்கிலாந்தின் தென்கரையை எட்டிற்று. அரையிலும் அக்குளிலும் நெறி கட்டும். காய்ச்சல் மிகும். பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் இறப்பர். நுரையீரலைத் தாக்கிய வகையில் இரத்தம் உமிழ்ந்து இரண்டு மூன்று நாளில் முடிவர்.

பிளாரன்ஸ் நகரின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி 1348இல் இந்நோய்க்கே இரையானார். சியன்னா நகரில் அஞோலோ தி தூரா என்பவர் தம் ஐந்து மக்களைத் தம் கையாலேயே புதைத்ததாகப் பதிவு செய்துள்ளார். உலகிலேயே பெரிய தேவாலயமாக்க வேண்டுமென 1339இல் அந்நகரத்தார் தொடங்கிய விரிவாக்கப் பணி நின்றது. அரைகுறையாய் எழும்பிய அந்தச் சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது.

சமயப் பணியாளரின் நிலை இரங்கத்தக்கது. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து இறுதிச் சடங்கு செய்த பாதிரியார்கள் பெருந்தொகையில் மாண்டனர். 1349 ஜனவரியில் இங்கிலாந்தின் பாத், வெல்ஸ் மறைமாவட்ட ஆயர், பாதிரியார் கிடைக்காத இடத்தில் சாதாரண மனிதரிடமோ, ஆண் இல்லையேல் ஒரு பெண்ணிடமோ பாவ அறிக்கை செய்துகொள்ளலாம் என அறிவித்தார். அக்காலத் திருச்சபைக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

போர்க்களமும் விதிவிலக்கன்று. 1346இல் கிரெசியில் பிரெஞ்சுப் படையை முறியடித்து, 1347இல் கலே நகரைக் கைப்பற்றி வெற்றிக் களிப்பில் இருந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகள் ஜோன், காஸ்தீல் இளவரசரை மணக்கச் செல்லும் வழியில் 1348இல் போர்தோவில் நோயுற்று இறந்தார். ஆங்கிலேயர் மடிவதைக் கண்ட ஸ்காட்லாந்தியர், இது பகைவருக்கு இறைவன் தந்த தண்டனை என மகிழ்ந்து, இங்கிலாந்தின்மீது படையெடுக்கச் செல்கர்க் காட்டில் திரண்டனர். நோய் அவர்களிடையே புகுந்தது. எஞ்சியோர் ஊருக்கு ஓடி, நோயையும் உடன் கொண்டு சென்றனர்.

இதற்கு மாறானதொரு காட்சி ஜிப்ரால்தரில் நிகழ்ந்தது. முஸ்லிம்கள் வசமிருந்த அக்கோட்டையை முற்றுகையிட்டிருந்த காஸ்தீல் மன்னர் பதினோராம் அல்ஃபோன்சோ 1350 மார்ச்சில் பாசறையிலேயே கொள்ளைநோயால் இறந்தார். அவருடைய உடலைச் சுமந்து பகைவர் திரும்பியபோது, கோட்டையிலிருந்தோர் அவர்களைத் தாக்காது வழிவிட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

பழி சுமத்த ஆள் தேடியோர்

நோய்க்குக் காரணம் யாது என ஒருவருக்கும் தெரியவில்லை. பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர்கள் 1348 அக்டோபரில் மன்னருக்களித்த அறிக்கையில், 1345ஆம் ஆண்டு மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்கள் கும்ப இராசியில் கூடியதே மூலகாரணம் என்றனர். பாமர மக்களுக்கோ கோள்களைத் தண்டிக்க இயலாது. அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டார்.

யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் வதந்தி பரவிற்று. ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள சீயோன் கோட்டையில் 1348 செப்டம்பரில் யூதர் சிலரைச் சித்திரவதை செய்து ‘ஒப்புதல் வாக்குமூலம்’ பெற்றனர். அதன் படிகள் நகரத்துக்கு நகரம் அனுப்பப்பட்டன. 1349 ஜனவரியில் பாசல் நகர யூதர்கள் ரைன் ஆற்றுத் தீவொன்றில் மரவீட்டில் அடைத்து எரிக்கப்பட்டனர். ஸ்ட்ராஸ்பர்க் நகர மன்றத்தின் தலைவர்கள், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக்கூறித் தம் ஊர் யூதரைக் காக்க முயன்றனர். அவர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, 1349 பிப்ரவரி 14ஆம் நாள் அந்நகரத்தார் யூதரைத் தீயிலிட்டனர். மாண்டோர் இரண்டாயிரம் பேர் என்பது பழைய பதிவு. பலநூற்றுவர் என்போரும் உளர். கடன் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. ரொக்கம் பங்கிடப்பட்டது. யூதரைக் கொன்ற நஞ்சு அவர்களிடமிருந்த பணமே என அந்நகரத்து வரலாற்றெழுத்தர் ஒருவரே பின்னர்க் குறித்தார். இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாள்வரை ஸ்ட்ராஸ்பர்க்கில் கொள்ளைநோய் நுழையவே இல்லை. நோய் வருமுன்னரே கொலை முடிந்துவிட்டது.

நீதி தவறாது சொல்லவேண்டுமாயின், இதனைக் கண்டித்தவர்களுள் முதன்மையானவர் போப் ஆறாம் கிளெமெந்தே. 1348இல் அவர் வெளியிட்ட ஆணைகளில், யூதரும் இந்நோயால் மடிகின்றனர், யூதர் ஒருவரும் வாழாத நாடுகளிலும் நோய் பரவுகிறது, ஆகவே இக்குற்றச்சாட்டு நம்பத்தக்கதன்று என்று காரணம் காட்டினார். அவர் ஆட்சிக்குட்பட்ட அவீஞோனில் யூதர் பாதுகாப்புப் பெற்றனர். ஆனால் ரைன் நதிக்கரை நகரங்களில் அவர் குரல் எடுபடவில்லை. வதந்தியின் வேகத்தை ஆணையின் வேகம் எட்டவில்லை.

திமிஷ்க் நகரில் ஒரு காலை

அதே நோய் முஸ்லிம் நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. கெய்ரோ, திமிஷ்க், ஹலப், தூனிஸ் என எல்லா நகரங்களும் மக்களை இழந்தன. மேதை இப்னு கல்தூன் தம் இளமையில் தாய் தந்தையரை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். ஹலப் நகரில் இந்நோயைப் பற்றி நூல் எழுதிய இப்னுல் வர்தீ 1349இல் இதற்கே பலியானார்.

1348 ஜூலையில் திமிஷ்கில் இருந்த உலகப் பயணி இப்னு பதூதா தாம் கண்டதைப் பதிவு செய்துள்ளார். ஆளுநரின் அறிவிப்பின்படி மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்றனர். பின்னர் உமையாப் பள்ளிவாசலில் இரவெல்லாம் தொழுது, வைகறைத் தொழுகைக்குப் பின் வெறுங்காலுடன் நகருக்கு வெளியேயுள்ள பள்ளிவாசல் ஒன்றை நோக்கி நடந்தனர். யூதர் தம் தவ்ராத்தையும் கிறிஸ்தவர் தம் இன்ஜீலையும் ஏந்தி உடன் வந்தனர். அனைவரும் அழுது இறைஞ்சினர். ரைன் நதிக்கரையில் நிகழ்ந்தது போன்ற கூட்டுப் படுகொலை இந்நிலப்பரப்பில் நிகழவில்லை. ஊர் திரும்பும் வழியில்தான் இப்னு பதூதாவுக்குத் தம் தாயார் இக்கொள்ளைநோயில் மறைந்த செய்தி கிடைத்தது.

எனினும் நம் முன்னோர் எல்லாவற்றிலும் பிழையற்றிருந்தனர் என்று கூறிப் பெருமை கொள்வது வரலாறாகாது. பெருந்திரளாய்க் கூடுவது நோயைத் தணிக்குமா, பெருக்குமா என்னும் கேள்வி பின்னாளில் எழுந்தது. கொள்ளைநோயில் தம் புதல்வியர் மூவரை இழந்தவரான ஹதீஸ்கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானீ, 1430ஆம் ஆண்டு கெய்ரோவில் மக்கள் திரண்டு வெளியே சென்று பிரார்த்தித்த பின்னர், நாளொன்றுக்கு நாற்பதுக்குள் இருந்த சாவு ஆயிரத்தைத் தாண்டியது என்று எழுதியுள்ளார். கண்டதை மறைக்காது எழுதிய அந்நேர்மை போற்றத்தக்கது.

கிரனாடாவின் குரல்

நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுமா என்பது அன்றைய அறிஞரிடையே பெரும் விவாதமாயிருந்தது. தொற்று என்பதில்லை எனப் பொருள்படும் நபிமொழியை எடுத்துக்காட்டி மறுத்தோர் பலர். ஸ்பெயினின் கிரனாடா அரசில் அமைச்சராகவும் மருத்துவராகவும் விளங்கிய லிஸானுத்தீன் இப்னுல் கதீப் (1313 - 1374) இதற்குத் துணிவோடு விடையளித்தார். நோயாளியின் ஆடையாலும் பாத்திரத்தாலும் காதணியாலும்கூட நோய் பரவுவதையும், நோயுள்ள ஊரிலிருந்து ஒரு கலம் வந்த பின்னரே நலமாயிருந்த துறைமுகம் நோயுறுவதையும், தனித்து வாழ்ந்தோர் தப்புவதையும் அவர் சான்றாக அடுக்கினார். புலன்களால் உறுதிப்பட்ட உண்மைக்கு ஒரு மரபுச் சான்று முரணாகத் தோன்றின், அச்சான்றுக்குரிய விளக்கத்தை நாட வேண்டும் என்பது அவர் வாதம். அல்மேரியா நகரின் இப்னு காத்திமாவும் இதே காலத்தில் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்.

உண்மையில், கொள்ளைநோயுள்ள ஊருக்குச் செல்லாதீர், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அங்கிருந்து ஓடாதீர் என்னும் கருத்தமைந்த நபி (ஸல்) அவர்களின் அறிவுரை இவ்விவாதத்திற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. சிரியாவின் அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடம் வரை சென்று, தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்பியதும் நாமறிந்ததே.

ரகுசாவின் முப்பது நாள்

இந்த அறிவை நகர நிருவாகமாக முதலில் மாற்றியவர்கள் வணிகர்களே. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா, அத்ரியாட்டிக் கடற்கரையின் சிறு துறைமுகம். கலங்கள் வராவிடில் ஊருக்குச் சோறில்லை. வந்தால் உயிருக்கு உறுதியில்லை. இந்த இருதலைக்கொள்ளி நிலையில், 1377 ஜூலை 27ஆம் நாள் அந்நகரப் பெருமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் நகரில் நுழையுமுன் மிர்கான் என்னும் சிறு தீவிலோ, சாவ்தாத் என்னும் ஊரிலோ முப்பது நாள் தங்கியிருத்தல் வேண்டும் என்பதே அது. வணிகத்தை மூடவுமில்லை. கண்மூடித் திறந்துவிடவுமில்லை. யார் எம்மதத்தார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறார் என்று மட்டுமே கேட்டது.

பின்னர் வெனிஸ் நகரம் 1423இல் ஒரு தீவில் நோயாளிகளுக்கென நிலையான மருத்துவமனை அமைத்தது. காத்திருப்புக் காலம் நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரன்தா’ என்னும் சொல்லே இன்று உலகெங்கும் வழங்கும் ‘குவாரண்டைன்’ ஆயிற்று. நோய்க்கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894இல்தான். கிருமியைக் காணுமுன்னரே ஐந்து நூற்றாண்டுக் காலம் அனுபவ அறிவு மனிதரைக் காத்து நின்றது.

உழைப்பவரின் நிலையிலும் மாற்றம் வந்தது. ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. அதனைத் தடுக்க இங்கிலாந்து அரசு 1349இலும் 1351இலும் சட்டமியற்றிப் பழைய கூலிக்கே வேலை செய்யுமாறு வற்புறுத்திற்று. அம்மனக்குறை 1381இல் குடியானவரின் பெருங்கிளர்ச்சியாய் வெடித்தமைக்கு ஒரு காரணமாயிற்று.

நமக்குரிய படிப்பினை

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று நம் நாட்டில் பரவத் தொடங்கியபோது, ஒரு சமுதாயத்தாரே அதனைப் பரப்பினர் என்னும் பழி பல நாள் ஓயாது ஒலித்ததை நாம் மறக்கவில்லை. அதே காலத்தில், உற்றாரும் நெருங்க அஞ்சிய உடல்களைச் சமயம் பாராது சுமந்து சென்று அடக்கம் செய்த நம் இளைஞர்களையும் நாம் மறக்கலாகாது. பள்ளிவாசல்களின் கதவுகள் மூடப்பட்டபோது மனம் கனத்தாலும், அதனை ஏற்று வீட்டிலேயே தொழுத பெரியவர்களையும் நினைவு கூர்தல் வேண்டும்.

பழிக்கப்பட்டவன் அப்பழியின் சுவையை அறிவான். ஆகவே நாளை வேறொரு துன்பம் வந்து, வேறொரு கூட்டத்தார்மீது விரல் நீளுமாயின், ஆதாரம் எங்கே எனக் கேட்கும் முதற்குரல் நம்முடையதாயிருத்தல் கடமையாகும். ஸ்ட்ராஸ்பர்க்கில் அக்கேள்வியைக் கேட்டவர்கள் சிலரே. அவர்கள் தோற்றனர். ஆயினும் ஆறரை நூற்றாண்டுக்குப் பின்னரும் வரலாறு அவர்கள் பக்கமே நிற்கிறது. அல்லாஹ் நம் அனைவரையும் கொடிய நோயிலிருந்தும், அதனினும் கொடிய வதந்தியிலிருந்தும் காத்தருள்வானாக.